மழைக்காலத்தில் யாரையும் பிடிப்பதில்லை

பங்காங்தே,
நவம்பர் 16

என் மகன் தாங்கூவுக்கு,

அம்மாவின் அன்பும் ஆசியும். இந்தக் கடிதம் வந்து சேரும்போது உன் விரல்கள் பத்தும் நலமாக இருக்க வேண்டும். மற்ற அம்மாக்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று தொடங்குவார்கள். கோல்கீப்பரைப் பெற்றவள் விரல்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதுமே என்னைச் சுற்றி ஐந்தாறு கைகள் நீண்டுவிடுகின்றன. உன் தம்பி பெர்த்ரான் பிடுங்கி ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறான். உன் சின்னம்மா ஓடெத் பிடுங்கி, "அங்க குளிராப்பா?" என்று கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான், ஏதோ பெல்ஜியத்தில் அன்று காலையில்தான் குளிரைக் கண்டுபிடித்ததைப் போல. என் முறை வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும். அறுந்துவிடாத நாளில் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நான் கேட்க வந்ததை விட்டுவிடுவேன். தாளில் நீ சிரித்து என்னை மடக்க முடியாது. அடுத்த வீட்டுக் கிளாரிஸ் இந்த வெள்ளிக்கிழமை அங்கே பெல்ஜியத்தில் லியேஜுக்குத் திரும்புகிறாள். இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சேப்பங்கிழங்குக்கு ஊற்றும் மஞ்சள் குழம்புக்கான சுண்ணக்கல்லும் மசாலாவும் கூடவே வருகின்றன. விமான நிலையத்தில் அந்தக் கல்லைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டால், குழம்புக்கு என்று சொல்லாதே, கோயில் மண் என்று சொல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதுமையில் நானும் பொய் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

மழை நின்றுவிட்டது. சிவப்புப் புழுதி இப்போதே வாழையிலைகளில் ஏறிவிட்டது. பீன்ஸ் அறுவடை மோசமில்லை. பள்ளிக்குப் பின்னால் உனக்குக் கோல் கம்பங்களாக நின்ற இரண்டு யூகலிப்டஸ் மரங்களில் ஒன்றை மின்கம்பிக்காக வெட்டிவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் ஒரு மரத்துக்கும் ஒரு செங்கல்லுக்கும் நடுவில் ஆடுகிறார்கள். எதிரணி பார்க்காத நேரத்தில் கோல்கீப்பர் பையன் அந்தச் செங்கல்லைக் காலால் உள்ளே தள்ளிவிடுகிறான். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த நல்ல வேடிக்கை அது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு, கண்டும் காணாததுபோல இருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் எல்லோரும் நம் முற்றத்தில் கூடினார்கள். உன் அப்பாவின் பெரிய சாவுச் சடங்கை இனியும் தள்ளிப்போட முடியாது, மழை ஓய்ந்த இந்த வறட்சிப் பருவத்திலேயே நடத்தியாக வேண்டும் என்று முடிவானது. ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை. குடும்பம் முழுவதும் ஒரே மாதிரி உடுத்தத் துணி எடுத்தாகிவிட்டது. நீல நிறத்தில் வெள்ளைக் கொக்குகள் போட்டது. பெர்த்ரான் உனக்கும் சேர்த்து எடுத்திருக்கிறான். "அவன் தோள் அகலம் எவ்வளவும்மா?" என்று என்னிடம் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியாக நான் உன் தோளைப் பிடித்தபோது நீ எலும்பும் தோலுமாக இருந்தாய். துணியைக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டச் சொன்னேன்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். ஒரு பாடத்தைத் திரும்பச் சொல்லாவிட்டால் என்னைப் போன்ற டீச்சர்களுக்குச் சம்பளம் வாங்கிய திருப்தி இருக்காது. உன் அப்பா கண்ணை மூடுவதற்கு முன், தன் நாற்காலியில் உட்கார வேண்டிய மகனின் பெயரை மூன்று பெரியவர்களின் காதில் மட்டும் சொன்னார். பெற்றவளுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. அடக்கத்தன்று, அன்று ஆகாவிட்டால் பெரிய சடங்கன்று, அந்த மூவரும் கூட்டத்துக்குள் நடந்து வருவார்கள். யாரும் எதிர்பாராத நேரத்தில் அந்த மகனை இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிப்பார்கள். பிடிபட்டவன் திமிறுவான், ஓடப் பார்ப்பான், சிலர் வாய்விட்டு அழுவார்கள். பிறகு வாரக்கணக்கில் உள்ளே வைத்திருந்து, ஒரு குடும்பத்தைச் சுமப்பது எப்படி என்று பழக்குவார்கள். வெளியே வரும்போது அவன் மகன் இல்லை. இறந்தவரின் பெயர் அவனுடைய பெயராகிவிடும். கூடப் பிறந்தவர்கள் அவனை அப்பா என்று அழைப்பார்கள். அதன்பின் அவன் முற்றத்தை விட்டுக் கடல் தாண்டிப் போய்ப் பந்து பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

உன் அப்பாவின் அடக்கத்தன்று என்ன நடந்தது என்பதை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியவர் தா கெப்சூவும் மற்ற இருவரும் எழுந்தார்கள். பெர்த்ரானைக் கடந்து போனார்கள். அவனுக்கு முகமெல்லாம் வியர்வை. உன் அப்பாவுக்கு ஓடெத் பெற்ற பிள்ளைகளைக் கடந்து போனார்கள். முற்றத்தின் கடைசி வரைக்கும் நடந்தார்கள், அங்கே கொஞ்சம் நின்றார்கள், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரையும் பிடிக்கவில்லை. ஆனால் அங்கிருந்த ஒவ்வொரு தலையும் ஒரே கணக்கைத்தான் போட்டது. வகுப்பில் எல்லோரும் இருந்து, வாத்தியார் தேடுகிற பையன் மட்டும் இல்லையென்றால், வராதவன் யாரோ அவன்தானே.

உன் அணியின் முதல் கோல்கீப்பர் டிர்க்குக்குக் காய்ச்சல் என்றும், அந்த வாரம் நீ ஆட வேண்டியிருக்கலாம் என்றும், அதனால்தான் வரவில்லை என்றும் சொன்னாய். பிறகு டிர்க்குக்குக் காய்ச்சல் விட்டது, உன் அப்பாவை மண்ணில் இறக்கிய நேரத்தில் நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய் என்று கிளாரிஸ் வாயிலாகத்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த நாளில் நீ எங்கே உட்கார்ந்திருந்தாய், மடியில் கையுறையை வைத்திருந்தாயா, கையில் மாட்டியிருந்தாயா என்று நான் நினைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச்சு எங்கெங்கோ போனது. பெர்த்ரான் எழுந்து நின்று, "இத்தன வருசமா பெஞ்சுல குந்தியிருந்தவன், இங்க வந்து அப்பா நாற்காலில குந்த மாட்டானாமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஓடெத் சும்மா இருப்பாளா? "அங்க பெஞ்சுல குந்தினா காலுக்குக் கம்பளி போத்துறாங்கடா. உங்க அப்பா நாற்காலில மூட்டைப்பூச்சிதான் இருக்கு" என்றாள். அவன் விடவில்லை. "அப்ப என்னப் பிடிச்சுக்கங்க. அவன் டிர்க்குக்கு மாத்து, நான் அவனுக்கு மாத்து" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பில் கொஞ்சம் ஆசையும் இருந்தது, தாங்கூ. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவன் இங்கேயே இருந்தவன். காப்பிச் செடிக்கு மருந்தடித்தவன், அப்பாவைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனவன்.

தா கெப்சூ அதுவரை கோலாக்கொட்டையை மென்றுகொண்டிருந்தார். "பேரு சொன்னது செத்தவரு. நான் வெறும் காது. காதுக்கு மாத்திப் பேச வாய் ஏது?" என்றார். நான் விடாமல், பெயரையாவது எனக்கு மட்டும் சொல்லுங்கள், பெற்றவள் மனதைத் தயார் செய்துகொள்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கிளாரிஸிடம் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. ஜனவரியில் ஆட்டம் இல்லாத நாட்கள் உண்டு, ஆனால் அணியை வெயில் நாட்டுக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார்கள், அதனால் ஜூனில் வருகிறேன் என்று சொன்னாயாம். ஜூன்! கொட்டுகிற மழையில் நம் ஊரில் யாருடைய சாவுக்காவது மேளம் கட்டியிருக்கிறார்களா? வறட்சியில்தான் சடங்கு, சடங்கில்தான் பிடிப்பது. இது உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஜூன் என்றாய். உன்னைத் தடுப்பது பயிற்சி இல்லை. பிடித்துவிடுவார்கள் என்ற பயம். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் புரிந்ததைப் புரியாததுபோல நடிக்க என்னால் முடியவில்லை.

உன் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. எந்த நேரத்தில் இதைக் கேட்கிறோம் என்பதும் தெரியும். போர்ச்சுகலில் மூன்றாம் பிரிவு, துருக்கியில் சம்பளம் கொடுக்காத ஒரு குளிர்காலம், பிறகு பெல்ஜியத்தில் இத்தனை வருடம் டிர்க்குக்குப் பந்தடித்துக் கொடுத்துப் பழக்குகிற வேலை. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே ஓடுகிறார்கள், கோல் போடுகிறார்கள். கோலுக்கு முன்னால் நிற்க வைப்பதற்கு மட்டும் அந்த வெள்ளைக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. "உங்காளுங்க நல்லாத் தாவுவீங்க, நிக்கத்தான் தெரியாது" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் அதற்குச் சிரிக்கவில்லை. என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். கரும்பலகையைத் துடைக்க யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவேன், ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவர யாரை வேண்டுமானாலும் அனுப்புவேன். அலமாரிச் சாவியை மட்டும் நான் முழுதாக நம்புகிற பிள்ளையிடம்தான் கொடுப்பேன். உனக்கு அவர்கள் இத்தனை வருடம் கொடுக்காதது அந்தச் சாவி. செப்டம்பரில் டிர்க்கின் முழங்கால் முறிந்த பிறகுதான் அது உன் கைக்கு வந்தது. அன்று போனில் நீ சந்தோஷப்படவில்லை. "இப்படியாம்மா எனக்கு இடம் கிடைக்கணும்?" என்றாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக உன்னை நான் சரியாகத்தான் வளர்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் சொல்கிறேன். வா. ஜனவரிக்கு வா. உன் அப்பா பொறுமைசாலி. ஆனாலும் மண்ணுக்குள் ஒருவரை எத்தனை வறட்சிக்குத்தான் நிற்க வைப்பது? அவருடைய இடம் வெறுமையாக இருக்கும்வரை அவர் உட்காரவில்லை என்றுதானே அர்த்தம். நானும் சடங்கு முடியும்வரை இந்தக் கறுப்புத் துணியைக் களைய முடியாது. துணி என்னவோ தானாகவே வெளுத்து, இப்போது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. நீ வர வேண்டும். இது அம்மாவின் ஆசையாக இல்லை, உன் அப்பாவின் மனைவியுடைய கட்டளையாக எடுத்துக்கொள்.


நவம்பர் 27

தாங்கூ, கிளாரிஸ் இன்னும் புறப்படவில்லை. அவள் விமானம் ரத்தாகி, நாளை மறுநாள் என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கடிதம் மேசையிலேயே கிடந்தது. மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. கணக்குத் தப்பாகிவிட்டால் அழிக்காதே, குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அதற்குக் கீழே திரும்பப் போடு, எங்கே வழி தவறினாய் என்பது உனக்கும் எனக்கும் தெரியட்டும் என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன். இது அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதுவது.

சனிக்கிழமை உன் ஆட்டத்தைப் பார்த்தேன்.

முதல்முறை. இத்தனை வருடமும் பெர்த்ரான் கூப்பிடும்போதெல்லாம் நான் போனதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேமரா காட்டாது, காட்டினாலும் எனக்குத் தாங்காது என்று இருந்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை அவன் சந்தை முனை மதுக்கடைக்காரரைப் பிடித்து, எந்த ஊர்ச் சானலையோ தேடி எடுக்க வைத்துவிட்டான். எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வீட்டிலிருந்து தலையில் சுமந்து வந்தான். ஓடெத் வறுத்த நிலக்கடலையோடு வந்தாள். வாசலைத் தாண்டி மதுக்கடைக்குள் கால் வைக்காத தா கெப்சூ, அன்று கோலை ஊன்றிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

திரையில் உன் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்ததும் ஓடெத், "இவன் எப்ப சுருட்டுப் பிடிக்க ஆரம்பிச்சான்?" என்று கேட்டாள். பெர்த்ரான் தலையில் அடித்துக்கொண்டான். "சின்னம்மா, அது குளிரு! நீ வருசக்கணக்கா போன்ல கேக்குறியே, அந்தக் குளிரு!" கடை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் உன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை இன்னும் தாராளமாக வெட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த முதல் கோல். கூட்டமாக நின்றவர்களின் கால்களுக்கு நடுவிலிருந்து வந்த பந்து, நீ பார்த்திருக்க முடியாது. பெர்த்ரான் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பின்தான் குரங்கைப் போலக் கூவுகிற அந்தச் சத்தம் தொடங்கியது. உன் முதுகுக்குப் பின்னால் இருந்த கூட்டத்திலிருந்து. கடையில் பேச்சு நின்றுவிட்டது. ஓடெத் மட்டும் விளங்காமல், "என்னடா சத்தம் அது? யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். பெர்த்ரான்தான், "காத்து சின்னம்மா. மைக்ல காத்து அடிக்குது" என்றான். அவன் குரல் அவனுடையதாக இல்லை.

வாழ்நாள் முழுவதும் முதுகை வகுப்புக்குக் காட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதியவள் நான். பின்னால் இருப்பவர்கள் எப்போது கேலி செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் முதுகுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் எழுதி முடிப்பதுதான் உலகத்திலேயே கடினமான வேலை. நீ திரும்பவில்லை. எதையோ எறிந்தார்கள். நீ நடந்து போய் அதை எடுத்தாய், கம்பத்தின் ஓரமாக, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வைப்பதைப் போலப் பதவிசாக வைத்தாய், கையுறையைத் தொடையில் துடைத்துக்கொண்டாய், ஓரடி முன்னால் வந்து நின்றாய். அப்படி நிற்க அந்தப் பயிற்சியாளருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

உங்கள் ஆட்கள் திருப்பி ஒன்று போட்டதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. கடைசி கார்னர்தான் நினைவில் இருக்கிறது. பந்து மேலே எழும்பியது. இத்தனை தலைகள், இத்தனை முழங்கைகள். நீ வெளியே வந்தாய். எல்லோரும் குத்தித் தள்ளிவிடுவாய் என்று எதிர்பார்த்தார்கள். நீ குத்தவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்தாய். பிடித்து, கையைக் கொஞ்சம் தழைய விட்டு, மார்போடு அணைத்து, அதன்மேல் மெதுவாகப் படுத்தாய். பெர்த்ரான் நாற்காலிமேல் ஏறி நின்று, "அவகாடோ! அவகாடோ!" என்று கத்தினான். கடையில் இருந்தவர்கள் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பார்த்தார்கள்.

எங்களுக்குத்தானே தெரியும். அவகாடோ பறிக்கும் காலத்தில் அவன் மரத்தின் உச்சியில், நீ கீழே. அடிபட்ட காயை வியாபாரி எடுக்க மாட்டார் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அவன் வேண்டுமென்றே உன்னை ஏமாற்றி வேறு பக்கமாகப் போடுவான். நீ ஓடிப் பிடித்து, கையைத் தழைய விட்டு, காயை மார்பில் சாய்த்துக்கொள்வாய். கூடையில் வைக்கும்போது ஒரு தழும்பு இருக்காது. உன் அப்பா ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாராட்டிப் பேசுகிற மனிதர் இல்லை. காலிக் கூடையை உன் பக்கமாக நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான்.

பந்தோடு எழுந்து நின்று நீ ஒன்று செய்தாய். அவசரப்படவில்லை. எல்லோரையும் பார்த்தாய். பிறகு கையை வீசி, போங்கள், முன்னால் போங்கள் என்று காட்டினாய். அத்தனை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு போனார்கள். விடிந்ததும் முற்றத்தில் நின்று நம் எல்லோரையும் தோட்டத்துக்கு விரட்டுகிற உன் அப்பாவின் கை அது. அதே வீச்சு. எனக்கு எதிரே திரை மங்கிப் போனது. பக்கத்தில் ஓடெத் என் கையைப் பிடித்தாள். இருபத்தைந்து வருடம் அவளும் நானும் ஒரே மனிதரோடு வாழ்ந்தவர்கள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

தா கெப்சூ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் கோலை ஊன்றி எழுந்தார். "நாம பிடிக்கறதுக்கு முன்னாடி இவன அங்க எவனோ பிடிச்சுட்டானே" என்று யாரிடமும் சொல்லாமல் சொல்லிவிட்டு, வெளியே நடந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். இந்த வறட்சி வேண்டாம், ஒரு வருடம் கொடுங்கள் என்று கேட்டேன். துணி எடுத்தாகிவிட்டதே என்றார். துணி மக்கிப்போகாது என்றேன். பெர்த்ரானைப் பிடித்துவிடலாமே என்று அவரைச் சோதித்துப் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பிறகு, "அடுத்த வறட்சி. அதுக்குமேல அந்த மனுசன நிக்க வெக்க என்னால முடியாது, டீச்சரம்மா. அவரு எனக்கும் சிநேகிதரு" என்றார். வாசல்வரை வந்தபின் கூப்பிட்டார். "மழைக்காலத்துல யாராச்சும் ஊருக்கு வந்தா, நாங்க பாக்கக்கூட மாட்டோம். மழையில எங்களுக்குக் கண்ணு தெரியாது" என்றார். பெயரைச் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

பெர்த்ரானிடம் நானே சொன்னேன். கோபப்படுவான் என்று பயந்தேன். காப்பி மூட்டையின்மேல் உட்கார்ந்தான். "சரி. இன்னொரு வருசம் நானே மாத்து" என்றான். பிறகு, "ஆனா அவன் வந்து நாற்காலில குந்தினா, நான் அவன அப்பான்னு கூப்பிடணுமாம்மா? மரத்துல ஏறி அவகாடோ போட்டவன் நானு" என்றான். சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டான். நீ வரும்போது முதலில் அவனைப் பார், தாங்கூ. எனக்கு முன்னால் அவனைப் பார்.

இனி நான் உனக்கு எழுத வந்தது. மேலே அந்தப் பக்கங்களில் எழுதாமல் விட்டது.

உன்னைத் தாங்கூ என்று கூப்பிட எனக்கு மட்டும்தான் உரிமை. அது என் பிறந்த ஊர் வழியில் உனக்கு நான் வைத்த பேர். உன் அப்பாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அடுத்த வறட்சியில் உன்னைப் பிடித்தபின் நீ உன் அப்பாவின் பெயரில் சக்குந்தே. நீ முற்றத்துக்குள் வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். உன் முன்னால் தட்டை வைத்துவிட்டு விலகி உட்கார வேண்டும். குரலைத் தாழ்த்தி, உன் அப்பாவிடம் பேசியதைப் போலப் பேச வேண்டும். வழக்கம் அது. நான் குறை சொல்லவில்லை. அப்படித்தான் இறந்த மனிதர் திரும்பி வந்து உட்காருகிறார். அவர் வருவது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் வந்து உட்காரும் நாளில் என் பிள்ளை எழுந்து போய்விடுகிறானே. அந்த ஒன்றை நான் அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியாது. சொன்னால் ஓடெத்கூடச் சிரிப்பாள்.

அதனால் ஜூனில் வா. திட்டியதை மறந்துவிட்டு, நீயே சொன்ன ஜூனில் வா. மழை பெய்யும், தெரு முழுக்கச் சேறு, மேளம் இருக்காது, யாரும் யாரையும் பிடிக்க மாட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு யாரையும் அனுப்ப மாட்டேன். உன் காலடி மண்ணைத் தட்டுகிற சத்தம் கேட்டால் கதவைத் திறப்பேன். சேப்பங்கிழங்கு இடித்து வைத்திருப்பேன், மஞ்சள் குழம்பு நடுவில் ஊற்றியிருப்பேன். நான் ஒரே தட்டில் உன்னோடு கைபோட்டுச் சாப்பிடுவேன், தள்ளி உட்கார மாட்டேன். கல்யாணத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். இரண்டாவது நாள் கேட்பேன். மழை விடும்போது பள்ளிக்குப் பின்னால் போய், மிச்சமிருக்கிற அந்த ஒரு மரத்துக்குப் பக்கத்தில் நில். செங்கல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதுவரை நன்றாக நில். பின்னால் எழும் சத்தத்துக்குத் திரும்பாதே. இரண்டு கையாலும் பிடி. டிர்க்கின் முழங்கால் தேறிவிட்டால் சாவியை அவரிடம் கொடுக்க வேண்டி வரலாம். அப்போதும் தலை நிமிர்ந்து கொடு. நீ ஒரு முறை திறந்ததை ஊரே பார்த்துவிட்டது.

நீலத் துணியை மடித்து, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். எனக்குக் கறுப்பில் புதிதாக ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். கனமான துணி. இன்னொரு வருடம் தாங்கும்.

கடவுள் உன் கைகளைக் காக்கட்டும். உன் அப்பா மண்ணுக்குள்ளிருந்தே உன் பக்கமாகக் கூடையை நகர்த்தி வைக்கட்டும். ஜூனில் கதவு தட்டும்போது "யாரது?" என்று கேட்பேன். நீ யார் என்று சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். இன்னும் ஒரு முறை உன் முகத்துக்கு நேராக அந்தப் பேரைச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதைக்கு உன் அம்மாவாக மட்டும் இருக்கும்,
ஜோசெட்